பனிக்காலத்து வெள்ளை வேட்டி

போன மார்கழியில் அமெரிக்காவிலிருந்து வந்திருந்த என் பேத்தி, விடியற்காலையில் நான் பால் வாங்கக் கிளம்புவதைப் பார்த்து, "தாத்தா, குளிர்ல போய் யாராவது வெள்ளை உடுத்துவாங்களா?" என்று கேட்டாள். அங்கே செப்டம்பர் முதல் திங்கட்கிழமை தொழிலாளர் தினம். அதோடு வெள்ளை உடுப்பைப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும் என்று ஒரு பழைய வழக்கமாம். நான் இடுப்பில் நாலு முழ வேட்டி, மேலே துப்பட்டி, தலையில் மப்ளர் என்று நின்றிருந்தேன். "வேட்டிக்கு ஏதும்மா பருவம்" என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன். ஆனால் பால் கடை வரைக்கும் அந்தக் கேள்வி கூடவே வந்தது.

நம்ம ஊர்க் குளிர் உங்களுக்குத் தெரிந்ததுதான். தொப்பூர் கணவாய் ஏறி வந்தாலே சேலத்துக்காரர்கள் கண்ணாடியை ஏற்றிவிடுவார்கள். மார்கழி விடியலில் அதியமான்கோட்டை ரோட்டில் லாரியின் விளக்கு மட்டும் வரும், லாரி பின்னால் வரும். அப்படிப்பட்ட காலையிலும் நம் பெரியவர்கள் வெள்ளை வேட்டியோடுதான் நடந்தார்கள். ஏன்?

கறுப்பு சூட்டை இழுக்கும், வெள்ளை தள்ளும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அது வெயிலில்தான். சூரியனே வராத விடியலில் நிறத்துக்கு வேலை கிடையாது, துணியின் கனத்துக்குத்தான் வேலை. ஆகையால்தான் வேட்டிக்கு மேலே கறுப்புக் கம்பளி வந்தது. குரும்பர்கள் ஆட்டு மயிரில் நெய்த அந்தக் கம்பளி ஒன்று வீட்டில் இருந்தால் அது சொத்து. உடம்பைக் குத்தும், நனைந்தால் ஆட்டு வாசனை அடிக்கும். ஆனாலும் குளிர் உள்ளே வராது.

கம்பளி இல்லாதவர்கள்? அங்கேதான் விஷயம் இருக்கிறது. சாயம் போடாத பருத்திதான் எப்போதும் மலிவு. சாயம் என்றால் தனிக் காசு. என் தாத்தா காலத்தில் உழவு வேலைக்குக் கோவணம், வெளியே போக ஒரே ஒரு வேட்டி. இரவில் அதே வேட்டியை அவிழ்த்துக் கழுத்து வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு முழங்காலை மடக்கிப் படுத்துவிடுவார். குளிர்காலத்துக்கு ஒரு நிறம், வெயில்காலத்துக்கு ஒரு நிறம் என்று எடுத்து வைக்க இரண்டாவது துணி வேண்டுமே!

அந்த வேட்டியும் பழுப்புதான். பளிச்சென்ற வெள்ளை என்பது வெளுத்துக் கொடுக்க ஆள் இருந்தவர்களுக்கு. உவர்மண் கரைத்த தண்ணீரில் துணியை முக்கி, பானை மேல் அடுக்கி, இரவெல்லாம் அடுப்பெரித்து வெள்ளாவி வைப்பார்கள். விடிந்ததும் அதை ஏரிக்குக் கொண்டுபோய், முழங்கால் ஆழத் தண்ணீரில் நின்று அடித்துத் துவைப்பார்கள். மார்கழித் தண்ணீர் எப்படி இருக்கும் என்று கால் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வெள்ளை வேட்டியின் மடிப்பைப் பற்றிப் பெருமையாகப் பேசினோமே ஒழிய, அந்தத் தண்ணீரில் நின்றவர்களின் கால்களைப் பற்றி யாரும் பேசியதில்லை. அவர்களுக்குக் கூலியாகச் சோற்றையும் தானியத்தையும் கொடுத்துவிட்டு, வீட்டு வாசலோடு நிறுத்தி வைத்தோம். அவர்கள் பளிச்சென்று உடுத்தி வந்தால் முகம் சுளித்தவர்களும் நம் ஊர்களில் இருந்தார்கள்.

பெண்களுக்கு வெள்ளை என்றால் அது வேறு கதை. தாத்தா போன பிறகு பாட்டிக்கு எல்லாப் பருவமும் வெள்ளைதான். அதை அவர் விரும்பிக் கட்டவில்லை.

நம் ஊர்ப் பெயரில் இருக்கும் அதியமான் குலத்திலேயே குளிருக்கும் துணிக்கும் ஒரு செய்தி உண்டு. புறநானூற்றின் 392-ஆம் பாட்டு ஔவையார் பாடியது. அதியமான் நெடுமான் அஞ்சியின் மகன் எழினியின் வாசலில், மங்கிய நிலவும் பனியுமாக இருக்கும் விடியலில், கிணை கொட்டிக்கொண்டு நிற்கிறார்கள். எழினி முதலில் செய்தது, உடம்பில் இருந்த கந்தலை நீக்கி, நுண்ணிய நூலில் நெய்த புதுத் துணியை உடுத்தியது. சாப்பாடெல்லாம் அப்புறம்தான். அரசனின் குடையை வெண்குடை என்று சொன்ன ஔவையார், துணியின் நிறத்தைச் சொல்லவில்லை. பனியில் கந்தலோடு நின்றவருக்கு நிறமா முக்கியம்?

காந்தியும் இதைத் தமிழ்நாட்டில்தான் கண்டார். அன்னியத் துணியை விட்டுக் கதர் உடுத்துங்கள் என்று ரயிலில் சொல்லிக்கொண்டு வந்தவரிடம், கதர் வாங்கக் காசில்லை என்றார்கள் ஜனங்கள். 1921 செப்டம்பர் 22 அன்று, மதுரை மேலமாசி வீதி வீட்டில், சட்டையையும் தொப்பியையும் விட்டு அரைமுழத் துணிக்கு மாறினார். முதலில் அக்டோபர் 31 வரை என்றுதான் அறிவித்தார். அந்த அறிவிப்பிலேயே, உடம்பைக் காக்கத் தேவைப்பட்டால் ஒரு போர்வை என்றும் சேர்த்துக்கொண்டார். இந்தப் போர்வைச் சலுகையை நாம் அதிகம் பேசுவதில்லை. எனக்கு அதுதான் பிடித்தது. குளிர் இல்லாதது போல அவர் நடிக்கவில்லை.

ஒரு மாதத்துக்கு என்று தொடங்கியது உயிர் உள்ளவரை நின்றது. 1931-இல் வட்டமேஜை மாநாட்டுக்கு லண்டன் போனபோதும் அதே வேட்டி, அதே போர்வை, காலில் செருப்பு. நவம்பர் 5 அன்று பக்கிங்ஹாம் அரண்மனையில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரைப் பார்த்ததும் அப்படியேதான். டிசம்பரில் ரோமன் ரோலந்தைப் பார்க்கச் சுவிட்சர்லாந்து போய்ச் சில நாள் தங்கினார். அந்தக் குளிருக்கு முன்னால் நம் மார்கழி ஒரு விசிறிக் காற்று. உடுத்த இரண்டாவது துணி இல்லாதவர்களின் உடையை, எத்தனையோ துணி கிடைக்கக்கூடிய ஒருவர் அந்தக் குளிரிலும் உடுத்தினார்.

பிறகு 1983-இல், எம்.ஜி.ஆர். ஆட்சியில், பொங்கலுக்கு ஏழைகளுக்கு இலவச வேட்டி சேலை வந்தது. உடுத்துபவருக்குத் துணி, நெசவாளிக்கு வேலை என்று இரண்டு கணக்கு அதில். இன்றைக்கும் ஈரோடு, திருச்செங்கோடு பக்கத்து விசைத்தறிகள் அந்த ஆர்டரை எதிர்பார்த்து இருக்கின்றன. துணி மெலிசு என்று நாம் கேலி செய்வதுண்டு, நானும் செய்திருக்கிறேன். ஆனால் அது வருகிற நேரத்தைக் கவனியுங்கள். பனி இன்னும் விட்டபாடில்லாத தை மாதம்.

இப்போது நம் ஊரில் கார்த்திகை பிறந்தால் வெள்ளையைத் தேடத்தான் வேண்டியிருக்கிறது. ஐயப்பனுக்குக் கறுப்பும் நீலமும், மேல்மருவத்தூருக்குச் சிவப்பும் என்று தெருவே நிறம் மாறிவிடுகிறது. அமெரிக்க வழக்கம் நமக்கும் வந்துவிட்டது என்று பேத்தியிடம் சொல்லியிருக்கலாம்.

அவள் ஊருக்குத் திரும்பிய பிறகு, தை மாதத்தில் ரேஷன் கடை வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற பெரியவர் வாங்கிய வேட்டியைப் பையில் போடவில்லை. மடிப்பைப் பிரித்தார், உதறினார், தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு ஏரிக்கரைப் பக்கமாக நடந்து போனார்.