படகுக்கு எஃப்.சி. உண்டா?

திண்டுக்கல்காரன் படகைப் பற்றி எழுதினால் சிரிப்பீர்கள் என்று தெரியும். எங்க ஊர்ல பூட்டு இருக்கு, மலைக்கோட்டை இருக்கு, பிரியாணி இருக்கு. தண்ணிதான் கொஞ்சம் கம்மி. குடகனாற்றில் தண்ணீர் ஓடினால் அது பேப்பரில் செய்தியாக வரும். மாவட்டத்துக்குள் படகு பார்க்கணும்னா மலை ஏறி கொடைக்கானல் போகணும். அந்த ஏரியும் 1863-ல் லெவிஞ்ச் என்ற வெள்ளைக்கார அதிகாரியின் முயற்சியில் உண்டானது. கீழே சமவெளியில் இருக்கிற எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் லாரி, வேன், டிராக்டர்.

ஆனால் ஒரு விஷயம் எங்களுக்கு நன்றாகவே தெரியும். பழைய வண்டி வாங்குவது. எங்க பக்கம் செகண்ட் ஹேண்ட் லாரி பேரம் பேசும் இடத்தில் போய் நின்று பாருங்கள். இன்ஜினைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே "எஃப்.சி. எப்ப முடியுது?" என்றுதான் கேட்பார்கள். ஆர்.சி. புக், எஃப்.சி., இன்சூரன்ஸ், பெர்மிட் எல்லாம் கையில் இருந்தால் விலை ஒரு படி ஏறும். பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்து ஓகே சொன்ன வண்டி ஆச்சே! ஆனால் விவரமான புரோக்கர் அந்தக் காகிதத்தை மடித்து சட்டைப் பையில் வைத்துவிட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்துவிடுவார். எஃப்.சி. காட்டும் அன்றைக்கு மட்டும் நல்ல டயர் மாட்டுகிற கதையெல்லாம் அவருக்கு அத்துப்படி.

சரி, மேட்டருக்கு வருவோம். என்னோடு வேலை பார்த்து இங்கிலாந்து போய் செட்டில் ஆன நண்பன் ஒருவன், வீட்டு வாடகை கட்டி மாளவில்லை என்று கால்வாய்ப் படகு ஒன்றை வாங்கி அதிலேயே குடியிருக்கலாமா என்று யோசித்தான். அங்கே அதற்கு நேரோபோட் என்று பெயர். ஏழடி அகலம்தான், நீளம் மட்டும் அறுபது எழுபது அடி வரை போகும். ரயில் பெட்டியைத் தண்ணீரில் விட்ட மாதிரி இருக்கும். "விக்கிறவர் பாதுகாப்பு சர்டிபிகேட் இருக்குன்னு சொல்றாருடா, அப்புறம் என்ன?" என்று கேட்டான். நம்ம ஊர் புரோக்கர் புத்தி எனக்கு உடனே முழித்துக்கொண்டது. அந்த சர்டிபிகேட் எதைத்தான் பார்க்கிறது என்று தேட ஆரம்பித்தேன். தேடியதில் கிடைத்த சரித்திரம்தான் இந்தப் பதிவு.

இங்கிலாந்தில் கால்வாய்ப் படகில் குடியிருப்பதற்கு என்று காகிதம் வந்தது 1877-ல். ஜார்ஜ் ஸ்மித் என்ற மனிதர், படகுகளிலேயே பிறந்து வளர்ந்து வாழ்கிற குடும்பங்களின் நிலைமையைப் பார்த்து மனம் பொறுக்காமல் எழுதி எழுதிப் போராடினார். அதன் பலன்தான் கால்வாய்ப் படகுகள் சட்டம். குடியிருக்கும் படகைப் பதிவு செய்யணும், அதில் எத்தனை பேர், எந்த வயதினர் தங்கலாம் என்று சான்றிதழில் இருக்கணும், படகில் எண் எழுதணும். அந்தக் காலத்து பயம் நெரிசலும் தொற்றுநோயும். சான்றிதழும் அதைத்தான் பார்த்தது.

இப்போதுள்ள படகுப் பாதுகாப்புத் திட்டம் 1997-ல் வந்தது. கால்வாயில் படகு வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டும் என்றால் இந்த சர்டிபிகேட் வேண்டும். நாலு வருஷத்துக்கு செல்லும். படகை விற்றால் படகோடு கூடவே போகும். கேஸ் குழாய், எரிபொருள் டேங்க், பேட்டரி, வயரிங், அடுப்பு, காற்று வரும் வழி, தீயணைப்பான் இதையெல்லாம் சோதிக்கிறார்கள். 2019 ஏப்ரலில் இருந்து கார்பன் மோனாக்சைடு அலாரமும் கட்டாயம். இன்றைய பயம் தீயும் விஷவாயுவும். மூடிய கேபினுக்குள் அடுப்பு வைத்துத் தூங்குகிற ஊரில் அது நியாயமான பயம்தான்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அந்த சர்டிபிகேட் படகின் அடித்தகடு எப்படி இருக்கிறது என்று பார்ப்பதே இல்லை! இரும்பு துருப்பிடித்துக் காகிதம் மாதிரி மெலிந்திருந்தாலும் கேஸ் குழாய் சரியாக இருந்தால் பாஸ். அடித்தகட்டைப் பார்க்கணும்னா வாங்குகிறவர் தனியாக ஒரு சர்வேயருக்குக் காசு கொடுத்து, படகைத் தண்ணீரை விட்டு வெளியே ஏற்றி, தகட்டின் தடிமனை அளக்கச் சொல்லணும். நண்பனிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

நம்ம ஊர் கதை என்ன?

நம்மிடமும் கால்வாய் இருந்தது. 1806-ல் பாசில் காக்ரேன் என்பவர் சென்னையிலிருந்து எண்ணூருக்கு வெட்டிய உப்புநீர்க் கால்வாய், பிற்பாடு வடக்கே பெத்தகஞ்சம் முதல் தெற்கே மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர் நீண்டது. உப்பும் விறகும் அதில்தான் சென்னைக்குள் வந்தன. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் மதுரை ஜில்லா (அப்போது திண்டுக்கல் அதில்தான்) உள்பட ராஜதானியே வாடிக்கிடந்தபோது, நிவாரண வேலையாக அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் துண்டை வெட்டினார்கள். அப்போதைய கவர்னர் பெயரால் அது பக்கிங்ஹாம் கால்வாய் ஆனது. அங்கே படகுச் சட்டம் பாஸ் ஆன அதே காலத்தில் இங்கே கூலிக்காகக் கால்வாய் வெட்டிக்கொண்டிருந்தார்கள். 1890-ல் சென்னை ராஜதானிக்கென்று கால்வாய்கள், பொதுப் படகுத்துறைகள் பற்றிய சட்டம் வந்தது.

நீராவிப் படகுகளுக்குத் தனிச் சட்டம். 1884-ல் ஒன்று, பிறகு 1917-ல் உள்நாட்டு நீராவிப் படகுகள் சட்டம். இந்த 1917 சட்டம்தான் நூறு வருஷத்துக்கு மேல் நம்மை ஆண்டது. சர்வே சர்டிபிகேட் இல்லாமல் படகு கிளம்பக்கூடாது. அது அதிகபட்சம் ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும். எத்தனை பயணிகள், அதில் மேல்தட்டில் எத்தனை, கேபினில் எத்தனை, எந்த எல்லை வரை போகலாம், எல்லாம் எழுதியிருக்கணும். முக்கியமாக அதைப் படகில் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டி வைக்கணும். நல்லா யோசிச்சு எழுதின சட்டம்தாங்க. ஒன்றைக் கவனியுங்கள். இது இயந்திரத்தால் ஓடும் படகுகளுக்கானது. துடுப்புப் படகும் மிதிபடகும் இதற்குள் வராது.

படகை வாங்கும்போதும் விற்கும்போதும் கைமாறும் பதிவு விஷயங்கள் 1951 திருத்தத்தில்தான் விரிவாக வந்தன. 1977-ல் இன்னொரு திருத்தம். சட்டத்தின் பெயரிலிருந்து 'நீராவி' போனது. மோட்டார் வண்டிகளுக்கு இருக்கிற மாதிரி மூன்றாம் நபர் இன்சூரன்ஸும் உள்ளே வந்தது. ஆக நம்ம லாரி புரோக்கர் கேட்கிற அதே மூன்று காகிதங்கள்: பதிவு, சர்வே, இன்சூரன்ஸ். படகுக்கும் எஃப்.சி. உண்டு மக்களே!

அப்படியானால் படகுகள் ஏன் கவிழ்கின்றன?

1924 ஜனவரி 16. திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் பல்லனா என்ற இடத்தில், கால்வாய் வளைவில் 'ரிடீமர்' என்ற படகு கவிழ்ந்தது. 24 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் மலையாள மகாகவி குமாரன் ஆசான். அளவுக்கு மீறி ஆள் ஏற்றியிருந்தார்கள். 2002 ஜூலை 27. முகம்மாவிலிருந்து குமரகம் போன அரசுப் படகு வேம்பநாட்டு ஏரியில் மூழ்கி 29 பேர் இறந்தார்கள். அரசுத் தேர்வு எழுதப் போன இளைஞர்கள் அதில் நிறைய. இங்கிலாந்தின் பயம் தீ என்றால் நம்முடைய பயம் கவிழ்வது. நம் சர்டிபிகேட்டில் 'எத்தனை பேர்' என்ற கட்டம் இருப்பது அதனால்தான். அந்த ஒரு எண்ணைத்தான் நாம் திரும்பத் திரும்ப மீறுகிறோம்.

அடுத்தது எங்களுக்கு ரொம்பப் பக்கம். திண்டுக்கல்லிலிருந்து தேனி, கம்பம், குமுளி வழியாக பஸ் பிடித்தால் தேக்கடி. அந்த ஏரித் தண்ணீர்தான் மலையைக் குடைந்த சுரங்கத்தில் இறங்கி, வைகை அணைக்கு வந்து, எங்க நிலக்கோட்டை தாலுகா பேரணையில் பெரியாறு பிரதான கால்வாய்க்குள் போகிறது. 2009 செப்டம்பர் 30 அன்று அந்த ஏரியில் 'ஜலகன்யகா' கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் இரண்டடுக்குப் படகு. அதுவும் ஓட ஆரம்பித்து இரண்டு மாதம்கூட ஆகாத புதுப் படகு. எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் போட்டுவிடவில்லை. நீதிபதி மொய்தீன் குஞ்ஞு கமிஷன் விசாரித்தது. பழசு என்றால் ஆபத்து, புதுசு என்றால் பத்திரம் என்ற நம் கணக்கு அன்றைக்குப் பொய்த்துப்போனது.

அப்புறம் இரண்டு விபத்துகள். இந்தப் பதிவை எழுத வைத்ததே இவைதான். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காடு ஏரியில் உல்லாசப் பயணம் போனவர்களில் 22 பேர் இறந்தார்கள். அவர்கள் ஏறியது மீன்பிடிப் படகு. 2023 மே 7 மாலை மலப்புரம் மாவட்டம் தானூரில் 'அட்லாண்டிக்' என்ற படகு கவிழ்ந்து 22 பேர். பாதிக்கு மேல் குழந்தைகள். அது மீன்பிடிப் படகாக இருந்து சுற்றுலாப் படகாக மாற்றப்பட்டது. அந்தப் படகுக்கு அனுமதி கொடுத்த விவகாரத்தில் துறை அதிகாரிகள் இரண்டு பேர் கைது செய்யப்பட்டார்கள்.

மீன்பிடிப் படகு மோசமான படகு கிடையாது. அது கடலுக்காகக் கட்டியது. அதில் பாரம் கீழே இருக்கும். வலை, ஐஸ், மீன் எல்லாம் அடியில். மேலே நாலைந்து பேர், அவர்களும் கடல் தெரிந்தவர்கள். அதே படகின் மேல் ஒரு தட்டு போட்டு, நாற்காலி போட்டு, முப்பது பேரை மேலே ஏற்றினால் கனம் மேலே போய்விடுகிறது. எல்லோரும் போட்டோ எடுக்க ஒரே பக்கம் சாய்ந்தால் போதும். கப்பல் கட்டத் தெரிய வேண்டாம், தலையில் குடத்தோடு சைக்கிள் ஓட்டிப் பார்த்தாலே புரியும்.

என் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. டெஸ்ட் செய்து பாஸ் ஆன புரோகிராமில் ஒரு வரி மாற்றினாலும் பழைய டெஸ்ட் ரிப்போர்ட் செல்லாது, மறுபடி முதலிலிருந்து. சர்டிபிகேட்டும் அப்படித்தான். ஒரு குறிப்பிட்ட உடம்புக்கு, ஒரு குறிப்பிட்ட வேலைக்கு, ஒரு குறிப்பிட்ட நாளில் கொடுத்தது. படகை விற்கும்போது பெயர் மாறுவதை எல்லோரும் கவனிக்கிறார்கள், ஏனென்றால் அதில் காசு இருக்கிறது. வேலை மாறுவதை யாரும் கவனிப்பதில்லை. உயிர் போவது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான். லாரியின் பாடியை மாற்றவே 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு அனுமதி கேட்கிறது. லாரி கவிழ்ந்தால் ரோட்டில் விழுவோம். படகு கவிழ்ந்தால்?

2021-ல் 1917 சட்டத்தைத் தூக்கிவிட்டு புது உள்நாட்டுப் படகுகள் சட்டம் கொண்டுவந்தார்கள். ஒரு மாநிலத்தில் செய்த பதிவு நாடு முழுக்க செல்லும். எல்லாப் படகுகளின் விவரமும் ஒரே தகவல் தொகுப்பில். கட்டுவதற்கும் மாற்றி அமைப்பதற்கும் முன் அனுமதி. இயந்திரம் இல்லாத படகுகளுக்கும் ஒரு அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார்கள். காகிதத்தில் குறை சொல்ல அதிகமில்லை. ஆனால் தானூர் நடந்தது இந்தச் சட்டம் வந்த பிறகு.

அதனால் படகு வாங்குகிற, விற்கிற புண்ணியவான்களுக்கு லாரி புரோக்கர் பாணியில் மூன்றே கேள்விகள். இந்தக் காகிதம் எதைப் பார்த்தது, எதைப் பார்க்கவில்லை? பார்த்த நாளுக்கும் இன்றைக்கும் நடுவில் படகில் எதை மாற்றினார்கள்? எந்த வேலைக்காகக் கொடுத்த சர்டிபிகேட், நாளைக்கு எந்த வேலைக்குப் போகப்போகிறது?

வாங்கவும் விற்கவும் படகில்லாத நமக்கு ஒரே கேள்வி போதும். அடுத்த முறை தேக்கடியிலோ ஆலப்புழையிலோ குழந்தை குட்டிகளோடு ஏறும்போது, மாட்டி வைத்திருக்கிற சர்டிபிகேட்டைத் தேடுங்கள். அதில் உள்ள எண்ணைப் பாருங்கள். பிறகு தலைகளை எண்ணுங்கள். கணக்கு உதைத்தால் டிக்கெட் காசு போனாலும் பரவாயில்லை என்று இறங்கிவிடுங்கள். கூட வந்தவர்கள் பயந்தாங்கொள்ளி என்று கிண்டல் செய்வார்கள். செய்யட்டுமே :-)

பழவேற்காடு, நாகை, தூத்துக்குடி பக்கத்துப் பதிவர்கள் யாராவது, உங்க ஊரில் ஒரு படகு கைமாறும்போது வாங்குகிறவர் எதைத் தட்டிப் பார்க்கிறார், எங்கே கை வைத்துப் பார்க்கிறார் என்று எழுதுங்களேன். எந்தச் சட்டத்திலும் இல்லாத ஒரு சர்வே அதில் இருக்கும். தண்ணி இல்லாத ஊர்க்காரன் ஆசையாகக் கேட்கிறேன்.