ஞான ஒடுக்கம் - பத்து நாள் பள்ளிக்கூடம்

'ஃபாதர் தியானத்துக்குப் போயிருக்கார், அடுத்த வாரம்தான் வருவார்.' கத்தோலிக்கர் வீட்டுப் பக்கம் வளர்ந்தவங்க இதைக் கேட்டிருப்பீங்க. பழைய ஆட்கள் 'ஞான ஒடுக்கம்' என்பார்கள். மற்ற சபைகளில் 'ரிட்ரீட்'. கேட்டவுடனே 'சர்ச் செலவில் கொடைக்கானல் டூரா?' என்று சிரிக்க ஒரு கூட்டம் இருக்கும் :-) அந்தச் சிரிப்பில் கொஞ்சம் நியாயமும் உண்டு. ஆனா, பட்டம் பெறப் போகும் குருக்களைக் கூட்டிவைத்து இதை நடத்த ஆரம்பித்த கதைக்கும் ஓய்வுக்கும் சம்பந்தமே இல்லை. விவரம் தெரியாத சாமியார்களால்தான் அது ஆரம்பித்தது.

இடம் பிரான்ஸ், காலம் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கம். கோந்தி என்ற பெரிய குடும்பத்துச் சீமாட்டி ஒருவர் சின்ன வயசில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறார். மன்னிப்பு வழங்கும் இடம் வந்ததும் சாமியார் வாய்க்குள்ளேயே ஏதோ முணுமுணுக்கிறார். அவருக்கு அந்த ஜெபமே தெரியாது! பெண் சும்மா இருக்கவில்லை. விவரம் தெரிந்த துறவி ஒருவரிடம் அந்த வார்த்தைகளை எழுதி வாங்கி, காகிதத்தைச் சாமியார் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னாராம். சாகும்போதாவது பாவம் மன்னிக்கப்படணும் என்று நம்பிய ஜனங்களுக்கு இது உயிரை விடப் பெரிய விஷயம்.

இதை நமக்குச் சொல்லி வைத்தவர், அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வாத்தியாராக இருந்த வின்சென்ட் தெ பால். இவரும் லேசுப்பட்டவர் இல்லை. 1581இல் பிறந்தவர், 1600இலேயே குருப்பட்டம் வாங்கிவிட்டார். திரெந்து பொதுச்சங்கம் வகுத்த வயசு 24. மறைமாவட்டம்தோறும் குருமடம் வேண்டும் என்று அதே சங்கம் 1563இல் சொன்னதும் பிரான்சில் பெரும்பாலும் ஏட்டுச் சுரைக்காய்தான்.

1628 ஜூலையில் பொவே நகர ஆயர் அகுஸ்தின் போத்தியேவுடன் வின்சென்ட் கோச்சு வண்டியில் போய்க்கொண்டிருந்தார். ஆயர் கண்ணை மூடியிருந்ததால் தூங்குகிறார் என்று நினைத்தார்கள். தூக்கமில்லை, யோசனை. இருக்கிற சாமியார்களைத் திருத்துவது கஷ்டம், பட்டம் வாங்கப் போகிறவர்களையாவது சில நாள் என் வீட்டில் தங்கவைத்துச் சொல்லிக்கொடுத்தால் என்ன என்றார். செப்டம்பரில் நடத்தியே விட்டார்கள், வின்சென்ட் முன்னின்று.

1631 முதல் பாரிஸ் பேராயரும் இதைக் கட்டாயமாக்கினார். சுமார் பத்து நாள். காலையில் நன்னெறிப் பாடம், மாலையில் குருவானவரின் வாழ்க்கை பற்றிய பேச்சு. அப்புறம் பத்துப் பன்னிரண்டு பேராக உட்கார்ந்து, கேட்டதைப் பற்றிப் பேசுவார்கள். பூசைச் சடங்குகளைச் செய்து பார்ப்பார்கள். நடுவில் மௌனம், ஜெபம், பாவசங்கீர்த்தனம். இக்னேஷியஸ் லொயோலாவின் முப்பது நாள் ஆன்மிகப் பயிற்சி ஏற்கெனவே இருந்ததுதான். அது தனி மனுஷன் கடவுளோடு மல்லுக்கட்டுவது. இது கிட்டத்தட்ட வகுப்பறை. எனக்கென்னவோ இந்த இரண்டாவது ரகத்துக்கு யாரும் போதுமான மரியாதை தரவில்லைன்னு தோணுது.

1632இல் வின்சென்ட்டின் ஆட்களுக்கு பாரிஸில் சான் லசார் என்ற பெரிய மடம் கிடைத்தது, தியானமும் அங்கே மாறியது. ஒரு தடவைக்கு எழுபது எண்பது பேர். தங்குவதும் சாப்பாடும் இலவசம், கஜானா காலியாகும், முணுமுணுப்பும் உண்டு. வின்சென்ட் அசையவில்லை. அது முன்பு தொழுநோயாளிகளை வைத்திருந்த இடம். அவர்களில் யாரும் குணமாகவில்லை, இப்போது வருகிறவர்கள் குணமாகிப் போகிறார்கள் என்பார் அவர்.

நல்ல பலன் தெரிந்தது அதற்கப்புறம்தான். பட்டம் வாங்கிப் போன சிலர், பத்து நாளில் கிடைத்த சூடு ஆறிவிடுமே என்று பயந்தார்கள். 1633 முதல் செவ்வாய்தோறும் சான் லசாரில் கூடிப் பேசினார்கள். 'செவ்வாய்க் கூட்டம்' என்றே பெயர். சான் சுல்பீஸ் குருமடத்தை நிறுவிய ஒலியே, பெரிய பேச்சாளரான பொசுவே எல்லாம் இதில் இருந்தவர்கள். இந்தக் கூட்டத்திலிருந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் ஆயர்களானார்கள். ஆரம்பித்தது என்னவோ, ஜெபத்தை ஒழுங்காகச் சொல்ல வைக்க!

சாமியார்களோடு இது நிற்கவில்லை. அதே 1633இல் லூயிஸ் தெ மரியாக்குடன் சேர்ந்து தொடங்கிய பிறரன்புப் புதல்வியர், அதாவது ஏழைகளுக்குச் சூப்பும் மருந்தும் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போன பெண்கள், அவர்களுக்கும் வருஷத் தியானம் உண்டு. நாளெல்லாம் நோயாளிகளோடு கிடப்பவர்களுக்குச் சில நாள் தனிமை ஆடம்பரமா என்ன?

பத்து நாள் போதாது என்பதும் வின்சென்ட்டுக்குத் தெரிந்திருக்கிறது. 1640களில் முழுக் குருமடங்களுக்குப் போனார், தியானத்தையும் விடவில்லை. 1983இன் திருச்சபைச் சட்டத் தொகுப்பும் குருக்களுக்குத் தியானத்தைக் கடமையாகத்தான் வைத்திருக்கிறது.

சான் லசார் என்ன ஆச்சு? 1789 ஜூலை 13, பாஸ்தீல் விழுந்ததற்கு முந்தின நாள், தானியம் பதுக்கியிருக்கிறார்கள் என்று கூட்டம் புகுந்து சூறையாடியது. புரட்சிக் காலத்திலேயே அந்த மடம் சிறைச்சாலையும் ஆனது.