மறையாக்க மென்பொருளும் செயலி மாற்றமும்: டெஸ் முதல் சக்தி வரை

முன்னுரை

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் வி. காமகோடி, ஜி. எஸ். மதுசூதனன் ஆகியோர் வழிநடத்த, 2014-இல் தொடங்கப்பெற்றது சக்தி செயலித் திட்டம். ரிஸ்க்-ஃபைவ் என்னும் திறந்த கட்டளைத் தொகுதியே அதன் அடிப்படை. 2018-இல் ரைஸ்க்ரீக் சில்லு இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டர் அளவிலும், ரிமோ சில்லு சண்டிகர் செமிகண்டக்டர் ஆய்வகத்தில் 180 நானோமீட்டர் அளவிலும் உருவாயின. இவற்றைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் தற்சார்பு என்னும் கோணத்தோடு நின்றுவிடுகின்றன. சில்லு நம்முடையதாயினும், அதன் இயல்புக்கேற்ப மறையாக்க நிரல் மீண்டும் எழுதப்படாதவரை மறைச்செய்தி காக்கப்பட்டதாகாது என்பது இக்கட்டுரையின் வாதம்.

செயலி மாறியபோது நிரல் மாறியமை

1977-இல் அமெரிக்கச் செந்தரமான டெஸ் மறையாக்கமுறை வன்பொருளை மனத்திற்கொண்டு அமைந்தது. பிட்டுகளை இடம் மாற்றுவது சில்லில் கம்பியை மாற்றி இணைப்பதோடு முடியும். மென்பொருளிலோ பிட்டு பிட்டாகப் பிரித்தெடுக்க வேண்டும். 1997-இல் எலி பிஹாம் இச்சிக்கலைத் தலைகீழாக நோக்கினார். 64 பிட் ஆல்ஃபா செயலியை, அருகருகே இயங்கும் 64 ஒரு-பிட் செயலிகளாகக் கொண்டு, 64 செய்தித் துண்டுகளை ஒருசேர மறையாக்கினார். அதுவரை அக்கணினியில் அறியப்பட்ட விரைவான நிரலைவிட இது ஏறத்தாழ ஐந்து மடங்கு விரைவானது. நெறிமுறையில் ஓர் எழுத்தும் மாறவில்லை. செயலியைப் பார்த்த பார்வையே மாறியது.

2001-இல் செந்தரமான ஏ.இ.எஸ். முறைக்கு மென்பொருளாளர் வேறு வழி கண்டனர். ஒவ்வொன்றும் 1024 பைட் கொண்ட நான்கு அட்டவணைகளில் முன்கூட்டியே கணக்கிட்ட மதிப்புகளை வைத்துக்கொண்டனர். விடை சரியாகவே வந்தது. ஆனால் தேடும் மதிப்பு செயலியின் இடைநினைவகத்தில் உள்ளதா இல்லையா என்பதைப் பொறுத்து நேரம் வேறுபட்டது. அந்த நேர வேறுபாட்டை மட்டும் அளந்தே, வேறொரு கணினியில் இயங்கிய வழங்கியின் முழு மறைத்திறவியையும் மீட்கலாம் என 2005-இல் டேனியல் பெர்ன்ஸ்டைன் காட்டினார். ஆக, புதிய செயலியில் சோதனை விடைகள் பொருந்துவது போதிய சான்றன்று. 2010-இல் இன்டெல் தன் செயலிகளில் ஏ.இ.எஸ். கட்டளைகளையே சேர்த்தபின் அங்கு அட்டவணைகளின் தேவை நீங்கியது.

ரிஸ்க்-ஃபைவ் முன்வைத்த இடர்

2010-இல் பெர்க்லியில் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ், கட்டளைச் சிக்கனத்தைக் கொள்கையாகக் கொண்டது. அதன் அடிப்படைத் தொகுதியில் பிட்டுச் சுழற்சிக்குத் தனிக் கட்டளை இல்லை. இடப்பெயர்ச்சி, வலப்பெயர்ச்சி, இணைப்பு என மூன்று கட்டளைகள் வேண்டும். சாசா20 முறையில் 64 பைட் கொண்ட ஒரு துண்டுக்கு 320 சுழற்சிகள் நிகழ்கின்றன. எனவே 320 கட்டளைகளின் இடத்தில் 960 வருகின்றன.

பெருங்கூட்டலில் நிலை இன்னும் நுட்பமானது. ஆர்.எஸ்.ஏ. முறையின் 2048 பிட் எண் 64 பிட் செயலியில் 32 சொற்களாகப் பிரிகிறது. எக்ஸ்86 செயலி, முந்தைய கூட்டலின் மிகுதியைக் கொடி ஒன்றில் தேக்கி, ஒரே கட்டளையில் அடுத்த சொல்லோடு சேர்த்துவிடும். பள்ளியில் 'மீதி ஒன்று' என்று விரலில் பிடித்துக்கொள்வது போன்றதே இது. ரிஸ்க்-ஃபைவில் அவ்விரல் இல்லை. கூட்டுத்தொகையை ஒப்பிட்டே மிகுதி உண்டா என்று அறியவேண்டும். ஒரு சொல்லுக்கு ஐந்து கட்டளைகள் வரை செலவாகும். அவ்வொப்பீட்டை நிரல்பெயர்ப்பி கிளைத்தாவலாக மாற்றிவிட்டால், மறைத்திறவியின் பிட்டுகள் நேர வேறுபாடாக மீண்டும் வெளியே கசியும். சி மொழி நிரலை அப்படியே பெயர்த்து இயக்கினால் போதும் என்போர் கவனிக்கத் தவறும் இடம் இதுவே.

2021-இல் ஒப்புதல் பெற்ற மறையாக்க நீட்சி இக்குறைகளுட் சிலவற்றைத் தீர்த்தது. சுழற்சிக் கட்டளை கிடைத்தது. 64 பிட் செயலியில் ஏ.இ.எஸ். முறையின் இடைச்சுற்று ஒன்றை இரண்டு சிறப்புக் கட்டளைகளும், சுற்றுத்திறவியைச் சேர்க்க இரண்டு பிட்டு வேற்றுமைக் கட்டளைகளும் முடித்துவிடும். இவற்றினும் முதன்மையானதாக நான் கருதுவது, எக்கட்டளைகளின் நேரம் தரவைச் சார்ந்து மாறக்கூடாது எனப் பட்டியலிட்ட இசட்.கே.டி. என்னும் பிரிவு. விரைவைவிட அவ்வுறுதியே மறையாக்க நிரல் எழுதுவோர்க்குத் தேவை.

எனினும் 2018-இன் ரைஸ்க்ரீக்கும் ரிமோவும் இவ்வொப்புதலுக்கு முந்தியவை. ஆகவே ஓப்பன்எஸ்எஸ்எல் போன்ற நூலகங்கள், இயங்கும் வேளையில் செயலியின் திறனைக் கேட்டறிந்து, நீட்சி இருந்தால் புதிய வழியையும் இல்லையேல் பொது வழியையும் தேர்கின்றன. பழைய சில்லுகள் பயன்பாட்டில் உள்ளவரை அப்பொது வழியும் நேரக் கசிவின்றிப் பேணப்பட வேண்டியதாகிறது.