ரேடியோ செட் சூடாகும் நேரம்

பெரம்பலூர், அரியலூர் பக்கம் இன்னிக்கும் வயசானவங்க ஒலிபெருக்கிக்காரரை 'ரேடியோ செட்காரர்' என்றுதான் சொல்வாங்க. அந்தப் பழைய வால்வு செட்டுகளுக்கு ஒரு குணம் உண்டு. ஸ்விட்ச் போட்டதும் பேசாது. உள்ளே மெல்ல ஒரு செந்நிற வெளிச்சம் வரும், அரை நிமிஷம் போல ஆகும், அப்புறம்தான் குழாயில் சத்தம். அந்த அரை நிமிஷம் எங்கே போனது என்பதுதான் இந்தக் கட்டுரை. அது ஒழிந்துபோகவில்லை, இடம்தான் மாறியது என்பது என் கட்சி.

முதலில் பயாஸ் என்றால் என்ன? ஆம்ப்ளிஃபையர் ஒரு சின்ன சிக்னலைப் பெரிதாக்கணும் என்றால், சிக்னல் வருவதற்கு முன்பே அதற்குள் ஓர் அளவான மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அந்த நிலையான ஓட்டத்தைக் குறித்து வைப்பதுதான் பயாஸ். அது சரியான இடத்தில் வந்து நிற்கும்வரை சத்தம் வராது, வந்தாலும் கரகரக்கும்.

வால்வில் இந்தக் காத்திருப்புக்குக் காரணம் சூடு. எலெக்ட்ரான்களை வெளியேற்ற கேத்தோடு பழுக்கக் காய வேண்டும். கரண்டில் ஓடும் வால்வுகளில் ஹீட்டர் கம்பி தனி, அதைச் சுற்றிய கேத்தோடு குழாய் தனி. கம்பி காய்ந்து, அது குழாயைக் காய்ச்சி முடிக்க நேரம் பிடிக்கும். 1936இல் வந்த 6எல்6 வால்வும் அப்படித்தான்.

ஆனால் எல்லா வால்வும் இப்படி இல்லை. திருச்சி வானொலி நிலையம் 1939 மே 16 அன்று தொடங்கியபோது, இன்றைய நம் இரண்டு மாவட்டங்களும் திருச்சி ஜில்லாவுக்குள் இருந்தன. (பெரம்பலூர் பிரிந்தது 1995இல், அரியலூர் நிலையாகத் தனி மாவட்டமானது 2007இல்.) கரண்ட் வராத கிராமங்களுக்கு பேட்டரி ரேடியோதான் வழி. பேட்டரிக்கென்றே செய்த வால்வுகளில் தனிக் கேத்தோடு கிடையாது. மெல்லிய இழையே எலெக்ட்ரானை வெளியிடும். காய்ச்ச வேண்டிய பொருள் கொஞ்சம் என்பதால், ஒன்றிரண்டு நொடியில் செட் தயார். பேட்டரியை மிச்சம் பிடிக்கச் செய்த ஏற்பாடு, வேகத்தையும் சேர்த்துக் கொடுத்தது.

அமெரிக்காவில் 1960களில் வேறு வழி பார்த்தார்கள். 'இன்ஸ்டன்ட் ஆன்' டிவி என்று விற்றார்கள். அணைத்த பிறகும் வால்வு இழைகளில் குறைந்த கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும், ஸ்விட்ச் போட்டால் உடனே படம் வரும். அரை நிமிஷம் மிச்சம், ஆனால் யாரும் பார்க்காத நேரமெல்லாம் கரண்ட் செலவு. காத்திருப்பைப் பணமாக மாற்றிக் கட்டினார்கள், அவ்வளவுதான்.

1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் ட்ரான்சிஸ்டர் பிறந்தது. இதைக் காய்ச்ச வேண்டியதில்லை, பிரச்சனை தீர்ந்தது என்று தோணும். தீரவில்லை. ஜெர்மானியம் ட்ரான்சிஸ்டரில் வெப்பம் 10 டிகிரி ஏறினால் கசிவு மின்னோட்டம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். பெரம்பலூர் சித்திரை வெயிலில் பயாஸ் எங்கே நிற்கும், நினைச்சுப் பாருங்க! அதைக் கட்டிப் போட ரெசிஸ்டர்கள் வந்தன, இரைச்சலை வடிகட்ட கண்டென்சர்கள் வந்தன. காத்திருப்பு சூட்டிலிருந்து கண்டென்சருக்குக் குடி மாறியது.

ஒரு கணக்கு. பாதி வோல்டேஜ் எடுக்க இரண்டு 100 கிலோ ஓம் ரெசிஸ்டர், நடுவில் ஒரு 10 மைக்ரோஃபாரட் கண்டென்சர். கண்டென்சர் பார்க்கும் தடை 50 கிலோ ஓம். பெருக்கினால் 0.5 நொடி. நிலைக்கு வர அதைப்போல ஐந்து மடங்கு, அதாவது 2.5 நொடி. இதை வேகப்படுத்த, தொடக்கத்தில் மட்டும் இரண்டு 1 கிலோ ஓம் ரெசிஸ்டரை ஸ்விட்ச் மூலம் பக்கத்தில் சேர்த்து, கண்டென்சர் நிரம்பியதும் கழற்றிவிட வேண்டும். 25 மில்லிநொடியில் வேலை முடியும், நூறில் ஒரு பங்கு. ஆனால் பயாஸ் சட்டென்று எகிறினால் ஸ்பீக்கரில் 'டப்' என்று அடிக்கும். அதனால்தான் பல ஆம்ப்ளிஃபையர்களில் ரிலே வைத்து, பயாஸ் அடங்கிய பிறகே ஸ்பீக்கரை இணைக்கிறார்கள்.

சிப் காலத்தில் இன்னொரு சிக்கல் கிளம்பியது. 1965இல் 709 ஆப்-ஆம்பை வடிவமைத்த பாப் விட்லர், சிப்புக்குள் பயாஸ் மின்னோட்டத்தை ட்ரான்சிஸ்டர்களைக் கொண்டே உண்டாக்கும் உத்திகளைக் கொடுத்தார். பிறகு, தன் மின்னோட்டத்தைத் தானே தாங்கிக்கொள்ளும் சுய-பயாஸ் சர்க்யூட்டுகள் பரவின. இவற்றுக்கு இரண்டு நிலைகள் உண்டு. ஒன்று நமக்கு வேண்டிய மின்னோட்டம். இன்னொன்று பூஜ்ஜியம்! பூஜ்ஜியத்தில் உட்கார்ந்தால் அங்கேயே இருந்துவிடும். நம்ம ஊர் கைப்பம்பு காய்ந்து கிடந்தால் என்ன செய்வோம்? மேலே ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி அடிப்போம், தண்ணீர் ஏறியதும் செம்பைக் கீழே வைத்துவிடுவோம். சிப்பில் இருக்கும் ஸ்டார்ட்-அப் சர்க்யூட் அந்தச் செம்புதான். தள்ளிவிடணும், உடனே விலகிக்கொள்ளணும். விலகாவிட்டால் பயாஸே கெட்டுப்போகும்.

இதெல்லாம் இன்னிக்கு எதற்கு? வயலில் ஈரப்பதம் அளக்கும் ஒரு பேட்டரிக் கருவியை எடுத்துக்கொள்ளுங்க. நிமிஷத்துக்கு ஒரு முறை விழித்து, 5 மில்லிநொடி அளந்துவிட்டுத் தூங்குகிறது என்று வைப்போம். பயாஸ் நிலைக்க 2.5 நொடி ஆனால், ஒரு நாளில் 1,440 விழிப்புக்கு ஒரு மணி நேரம் வெறும் காத்திருப்பு. 1 மில்லி ஆம்பியர் இழுத்தால் நாளுக்கு 1 மில்லி ஆம்பியர்-மணி. 220 கொள்ளளவுள்ள காசு பேட்டரி ஏழு மாதத்தில் காலி. அதே பயாஸ் 25 மில்லிநொடியில் நிலைத்தால், விழித்திருக்கும் நேரம் மொத்தம் 43 நொடி. கூடுதல் ரெசிஸ்டர் இழுப்பதைச் சேர்த்தாலும் இரண்டு நிமிஷச் செலவைத் தாண்டாது.

வால்வு காலத்தில் பேட்டரியைக் காப்பாற்றப் போய் வேகம் கிடைத்தது. இப்போது வேகத்தைக் கூட்டித்தான் பேட்டரியைக் காப்பாற்றுகிறோம். வெங்காயக் கொல்லையில் நட்டுவைத்த கருவிக்கு மாற்று பேட்டரி வாங்க வேண்டியவர் விவசாயி. அந்த 2.5 நொடிக்கான பில் கடைசியில் அவரிடம்தான் போகும்.