கால்கள் போன பிறகு கைகளால் வாழ்ந்த டாக்டர்: மேரி வர்கீஸ் (நீண்ட இழை)

1/
புதுக்கோட்டைக்காரங்ககிட்ட மருத்துவ வரலாறுனு பேச்செடுத்தா முதல்ல வர்ற பேரு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1886-ல் நம்ம ஊர்ல பிறந்தவர். 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துக்கம்தான் பிற்பாடு, 1954-ல், அடையாறு புற்றுநோய் மருத்துவமனையா எழுந்து நின்னுச்சு.

2/
அதே 1954-ல், அதே தமிழ்நாட்டில், இன்னொரு பெண் டாக்டரின் வாழ்க்கை ஒரே நாளில் தலைகீழாச்சு. அவர் பெயர் மேரி வர்கீஸ். அந்தப் பெயரை நம்ம பக்கம் பலர் கேள்விப்பட்டதே இல்லை. ஆனா நம்ம மாவட்டத்துக்கு ரொம்பத் தேவையான கதை அது. ஏன்னு கடைசியில் சொல்றேன்.

3/
மேரி 1925-ல் கொச்சிப் பகுதியில், சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். டாக்டருக்குப் படிச்சது வேலூர் சி.எம்.சி-யில். ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ல் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கி, 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாக வளர்த்த அதே இடம். மேரியின் ஆசை மகப்பேறு மருத்துவராவது. அந்தப் பாதையில்தான் போய்க்கொண்டிருந்தார்.

4/
1954 ஜனவரி. சக டாக்டர்களோடு வண்டியில் ஒரு உல்லாசப் பயணம். வழியில் விபத்து. மேரிக்கு முகத்தில் பலத்த காயம். அதைவிடப் பெரிய அடி முதுகுத்தண்டில். இடுப்புக்குக் கீழே உணர்ச்சியும் போச்சு, அசைவும் போச்சு. வயசு 28.

5/
இதன் அர்த்தம் என்னனு ஒரு டாக்டரா சொல்றேன். தண்டுவடம் அறுந்தா நடக்க முடியாதுங்கறது மட்டும்தான் வெளியாளுக்குத் தெரியும். சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இருக்காது. ஒரே பக்கமாப் படுத்திருந்தா தோல் நசுங்கிப் புண்ணாகும். வலி தெரியாததால் அந்தப் புண் எலும்பு வரைக்கும் போகும். சிறுநீர்த் தொற்று கிட்னியைத் தின்னும். முதல் உலகப்போரில் இப்படி அடிபட்ட சிப்பாய்களில் பெரும்பாலோர் சில வருஷங்களைக்கூடத் தாண்டவில்லை.

6/
இந்த நிலைமையை மாற்றியவர் லுட்விக் குட்மன். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூத டாக்டர். 1944-ல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடப் பிரிவைத் தொடங்கினார். நோயாளியைத் தவறாமல் புரட்டிப் போடுவது, சிறுநீர்ப் பையைச் சுத்தமாக வைத்திருப்பது, சீக்கிரம் எழுப்பி உட்கார வைப்பது, ஏதாவது ஒரு வேலை கொடுப்பது. இவ்வளவுதான் அவர் வைத்தியம். 1948-ல் அங்கே சக்கர நாற்காலிக்காரர்களுக்கு அவர் வைத்த வில்வித்தைப் போட்டிதான் இன்றைய பாராலிம்பிக்ஸின் விதை.

7/
மேரிக்கு இதெல்லாம் பாடமாகத் தெரிந்திருக்கலாம். ஆனா கட்டிலில் கிடப்பது அவரேதானே. உயிர் பிழைச்சாச்சு, சரி. எதுக்குப் பிழைச்சோம்? இந்தக் கேள்விக்கு மருந்துக் கடையில் மாத்திரை கிடையாது.

8/
இங்கேதான் டாக்டர் பால் பிராண்ட் வருகிறார். கொல்லிமலையில் 1914-ல் பிறந்த வெள்ளைக்காரப் பிள்ளை. அப்பா ஜெஸ்ஸி அந்த மலையிலேயே 1929-ல் காய்ச்சலில் இறந்தார். மகன் இங்கிலாந்தில் படித்து, வேலூருக்கு வந்து தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சையைச் செய்துகொண்டிருந்தார். உழைக்கிற ஒரு தசைநாரை எடுத்து, செயலிழந்த தசையின் வேலைக்கு மாற்றிக் கட்டுவது.

9/
பிராண்ட் கண்டுகொண்ட இன்னொரு விஷயம் முக்கியமானது. தொழுநோயில் விரல் தானா அழுகி விழுவதில்லை. உணர்ச்சி போய்விடுவதால் சூடு தெரியாது, வெட்டு தெரியாது. காயத்தின் மேலே காயம் பட்டுப்பட்டுத்தான் விரல் குட்டையாகிறது. மேரியின் கால்களுக்கும் இதே கதிதான், கவனிச்சீங்களா? வலி தெரியாத உடம்பை விழுந்து விழுந்து காப்பாத்தணும். டாக்டருக்கும் நோயாளிக்கும் ஒரே பிரச்சினை.

10/
கை அறுவை சிகிச்சையைப் பொதுவா உட்கார்ந்துதான் செய்வாங்க. நாற்காலி, மேஜை, நல்ல வெளிச்சம், நிதானமான கை. அதுக்குக் கால் எதுக்கு? பிராண்ட் மேரியைத் தொழுநோய்ப் பிரிவுக்கு அழைத்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி மேரி கத்தியைப் பிடித்தார். ஊர் ஒதுக்கிய தொழுநோயாளி, தன்னைவிட அதிகம் இழந்த ஒரு டாக்டர் தன் கையைத் தொட்டுப் பிடிப்பதைப் பார்த்தார். எந்தப் பிரசங்கமும் செய்யாத வேலையை அந்தக் காட்சி செய்திருக்கும்.

11/
அவரைப் பற்றி டொரதி கிளார்க் வில்சன் 1963-ல் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் பெயர் 'டேக் மை ஹேண்ட்ஸ்'. என் கைகளை எடுத்துக்கொள்ளும்னு அர்த்தம். கால்களைத் திருப்பிக் கொடுனு கேட்கிற தலைப்பு இல்லை, பாருங்க. மேரியின் விசுவாசம் எப்படிப்பட்டதுங்கறதுக்கு எனக்கு இந்தத் தலைப்பே போதும்.

12/
நான் இங்கே மதப் பிரச்சாரம் பண்ண வரலை. ஆனா நடந்த வரலாற்றில் அவரது கிறிஸ்தவ நம்பிக்கையை மறைச்சுட்டு எழுதினா அது நேர்மையில்லை. அதே சமயம் ஒரு வித்தியாசத்தையும் சொல்லியாகணும். "ஜெபம் பண்ணுங்க, நாளைக்கே எழுந்து நடப்பீங்க"னு சொல்கிற நம்பிக்கை ஒண்ணு இருக்கு. அதை நம்பி வைத்தியத்தையும் பயிற்சியையும் விட்டுட்டு, ஆழமான படுக்கைப் புண்ணோடு வருகிறவர்கள் உண்டு. எல்லா மதத்திலும் உண்டு.

13/
மேரியின் நம்பிக்கை அந்த ரகம் இல்லை. அவர் சாகும்வரை நடக்கவில்லை. அந்த நம்பிக்கை அவருக்குக் கொடுத்தது நாளைக் காலையில் செய்ய ஒரு வேலை. வேதனை போகவில்லை, வேதனைக்கு நடுவில் ஒரு நாளை நடத்தும் வழி கிடைத்தது. தினமும் உடை மாற்றுவது, நாற்காலிக்கு மாறுவது, புண் வராமல் பார்ப்பது, பிறகு ஆபரேஷன் தியேட்டர். இந்தச் சின்னச் சின்ன வேலைகளில்தான் அவர் பக்தி இருந்திருக்கிறதுனு நான் நினைக்கிறேன்.

14/
அதோட அவர் நிற்கலை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குச் சிகிச்சைக்குப் போனார். தண்டுவடம் பாதித்தவர்கள் அங்கே தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளப் பழகுவதைக் கண்டார். இது நம்ம நாட்டுக்கு வேண்டாமா? அடுத்து நியூயார்க். மறுவாழ்வு மருத்துவத்தின் முன்னோடி ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிலையத்தில் பயிற்சி. திரும்பி வந்து 1963-ல் வேலூரில் அந்தத் துறையின் தலைமைப் பொறுப்பு. 1966-ல் பாகாயத்தில் நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972-ல் பத்மஸ்ரீ. 1986-ல் காலமானார். பாகாயம் நிலையம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

15/
இதில் நான் பார்க்கும் பாடம்: தனி ஒருத்தரின் மன உறுதி மட்டும் இதைச் செய்யலை. கூப்பிட்டு வேலை கொடுக்க ஒரு பிராண்ட் இருந்தார். சக்கர நாற்காலி உள்ளே போக இடம் கொடுத்த ஒரு ஆஸ்பத்திரி இருந்தது. படிக்க அனுப்பவும் வழி இருந்தது. நம்பிக்கை உள்ளே எரியும் விளக்குன்னா, இதெல்லாம் அதுக்கு ஊத்துற எண்ணெய். படுத்திருப்பவரிடம் போய் "மேரி வர்கீஸ் மாதிரி தைரியமா இரு"னு மட்டும் சொல்லிட்டு வந்துடாதீங்க. அவருக்கு ஒரு சரிவுப் பாதையும், ஒரு வேலையும் வேணும்.

16/
இப்போ நம்ம மாவட்டத்துக்கு வருவோம். கீரமங்கலம், ஆலங்குடி பக்கம் தென்னை ஏறுகிறவர்கள். கிணற்று வேலை பார்ப்பவர்கள். ஜல்லிக்கட்டில் இறங்கும் இளவட்டங்கள். ராத்திரியில் பைக்கில் பறப்பவர்கள். தண்டுவடம் அடிபட எல்லா வாய்ப்பும் உள்ள மண் இது. அடிபட்டவர் பிழைச்சு வீட்டுக்கு வந்த பிறகு என்ன? பல வீட்டில் பின்கட்டில் ஒரு கட்டில், ஒரு ஃபேன், சுவரைப் பார்த்தபடி வருஷங்கள்.

17/
அதனால் சில விஷயங்கள்.
மரத்திலிருந்து விழுந்தவரைக் கையைக் காலைப் பிடித்து மூட்டை மாதிரி தூக்காதீங்க. 108-ஐக் கூப்பிடுங்க. நகர்த்தியே ஆகணும்னா கழுத்தும் முதுகும் வளையாமல், நாலு பேர் சேர்ந்து பலகையில் வைத்து நகர்த்துங்க.
படுக்கையில் இருப்பவரை ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுங்க. தினமும் முதுகு, இடுப்பு, குதிகாலை வெளிச்சத்தில் பாருங்க.
சிறுநீர்க் குழாய் பராமரிப்பை டாக்டரிடமோ நர்ஸிடமோ கேட்டுக் கத்துக்கோங்க.
மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டை, சக்கர நாற்காலி, உதவித்தொகை பற்றி விசாரிங்க.

18/
கடைசியா ஒண்ணு. அவரை வாசலுக்குக் கொண்டு வந்து உட்கார வையுங்க. கணக்கு எழுதட்டும், செல்போன் ரிப்பேர் பழகட்டும், தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லட்டும். கோயிலோ, தேவாலயமோ, பள்ளிவாசலோ, அவர் எதை நம்புகிறாரோ அங்கே கூட்டிட்டுப் போங்க. எதையும் நம்பாதவரா இருந்தா டீக்கடை பெஞ்சுக்காவது கூட்டிட்டுப் போங்க.

தெரிந்த வீட்டில் இப்படி யாராவது இருந்தால் இந்த இழையை அவர்களுக்கு அனுப்புங்க.