ஓர் ஊர் வளர்த்த அணி: ஹிரோஷிமா கார்ப்

ஜப்பானில் தொழில்முறை பேஸ்பால் அணி என்றால் அதற்குப் பின்னால் பெரிய நிறுவனம் ஒன்று இருப்பது வழக்கம். டோக்கியோவின் ஜயன்ட்ஸ் அணி யோமியூரி செய்தித்தாளுடையது. ஒசாகா வட்டாரத்து அணிகளை ஹான்ஷின், ஹான்க்யூ, நான்காய், கின்டெட்சு ஆகிய ரயில் கம்பெனிகள் நடத்தின. ரயில் கம்பெனிக்கு அணி வைத்திருப்பது வீண் செலவாகப் படவில்லை. மைதானம் தன் ரயில் பாதையோரம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் டிக்கெட் எடுத்து ரயிலேறி வரும். அணியில் விழும் நட்டத்தை விளம்பரக் கணக்கில் எழுதிவிடலாம். இந்த ஏற்பாட்டுக்கு வெளியே, தாங்கிப் பிடிக்கத் தாய்க் கம்பெனி இல்லாமல் பிறந்தது ஹிரோஷிமா கார்ப். அந்த ஊரில் பேஸ்பால் குடும்பச் செலவோடும் வேலை நேரத்தோடும் பின்னிக் கிடப்பதற்கு இந்தப் பிறப்புக் குறையே காரணம்.

1945 ஆகஸ்ட் 6 அன்று விழுந்த அணுகுண்டால் அந்த ஆண்டு முடிவதற்குள் ஏறக்குறைய 1,40,000 பேர் இறந்தார்கள். நகரின் நடுப்பகுதி தரைமட்டமானது. ஆனால் பேஸ்பால் அந்த மண்ணுக்குப் புதிதல்ல. ஹிரோஷிமா வணிகப் பள்ளி போருக்கு முன்பே அகில ஜப்பான் பள்ளிப் போட்டிகளில் நான்கு முறை வாகை சூடியிருந்தது. அந்த அணியைப் பயிற்றுவித்த இஷிமோட்டோ ஷூயிச்சி, பின்னர் ஒசாகாவின் டைகர்ஸ் அணிக்கும் மேலாளராக இருந்தவர். 1949 கடைசியில் தொழில்முறைப் போட்டி சென்ட்ரல் லீக், பசிபிக் லீக் என இரண்டாகப் பிரிந்து புதிய அணிகளுக்கு இடம் திறந்தபோது, ஹிரோஷிமா அவரைத்தான் அழைத்தது. 1950 ஜனவரி 15 அன்று முன்னாள் ராணுவப் பயிற்சித் திடலில் அணியின் தொடக்க விழா நடந்தது. ஊர்க் கோட்டைக்குக் கெண்டைமீன் கோட்டை என்று ஒரு பழம்பெயர் உண்டு. அணிக்கும் அந்த மீனின் பெயரே வைக்கப்பட்டது.

முதலீட்டை மாகாண அரசும் நகராட்சிகளும் பகிர்ந்து தருவதாக ஏற்பாடு. பணம் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் தவறியது. பிற அணிகள் வேண்டாமென்று விட்டவர்களையும் பெயர் தெரியாத இளைஞர்களையும் கொண்டு இஷிமோட்டோ ஒப்பேற்றினார். முதல் பருவத்தில் 41 வெற்றி, 96 தோல்வி. எட்டு அணிகளில் எட்டாம் இடம். இந்தக் கூட்டத்தில் தேறிய ஒருவர் உண்டென்றால் குள்ளமான பிட்சர் ஹசேகவா ரியோஹேய். தோற்கும் அணிக்காக எறிந்தே அவர் தம் ஆட்ட வாழ்வில் 197 வெற்றிகளைச் சேர்த்தார்.

1951 மார்ச்சில் அணியைக் கலைப்பதா, அண்டை மாகாணத்து ஷிமோனோசெக்கியின் தாய்யோ அணியோடு இணைப்பதா என்ற பேச்சு எழுந்தது. செய்தி பரவியதும் ஊரில் கொந்தளிப்பு. இஷிமோட்டோ இணைப்பை எதிர்த்தார். நிறுவனத்திடம் கிடைக்காத பணத்தை மக்களிடம் கேட்பது என்று முடிவானது. அவர் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்ட நேரம் போக ஆலைகள், அலுவலகங்கள், சிற்றூர்க் கூட்டங்கள் என்று அலைந்து பேசினார். வட்டாரம்தோறும், தொழிலிடம்தோறும் ஆதரவாளர் சங்கக் கிளைகள் முளைத்தன. மாதச் சந்தா சம்பளத்திலிருந்தே பிடித்தம் செய்யப்படும் அளவுக்குச் சில இடங்களில் அது ஒழுங்கானது.

மைதான வாசலில் சாக்கே மது நிரப்பும் பெரிய மரப் பீப்பாய்கள் வைக்கப்பட்டன. உள்ளே போகிறவர்கள் நுழைவுக் கட்டணம் கொடுத்தது போக, கையிலிருப்பதை அதிலும் போட்டார்கள். பெரும்பாலும் கசங்கிய பத்து யென் தாள்கள். வீடு கட்டப் பலகைக்கும் தகரத்துக்கும் அலைந்துகொண்டிருந்த ஊர் அது. பீப்பாய்ப் பணம் அணியின் மொத்தச் செலவில் எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பவருக்கு அது பெரிய தொகையாகத் தெரியாது. ஆனால் சாப்பாட்டுச் செலவில் மிச்சம் பிடித்துப் பத்து யென் போட்டவருக்கு அன்றைய தோல்வி தன் வீட்டு நட்டம். திட்டுவதற்கும் அவருக்கு உரிமை வந்துவிட்டது.

1952-இல் அடுத்த சோதனை. அணிகள் அதிகமாகிவிட்டன என்று கருதிய லீக், வெற்றி விகிதம் 30 விழுக்காட்டுக்குக் கீழே போகும் அணி வெளியேற வேண்டும் என்று விதித்தது. குறிவைக்கப்பட்டது கார்ப்தான் என்று ஊரில் யாரும் சந்தேகப்படவில்லை. 37 வெற்றி, 80 தோல்வியோடு கார்ப் 31.6 விழுக்காட்டில் தப்பியது. 28.8-இல் சிக்கியது ஷோச்சிக்கு ராபின்ஸ். இரண்டே ஆண்டுகளுக்கு முன்பு சென்ட்ரல் லீக்கின் முதல் வாகையைச் சூடிய அணி அது. தாய்யோவோடு இணைந்து மறைந்தது. அதே 1952-இல்தான் சொந்த ஊர் முறையும் வந்தது. வென்றாலும் தோற்றாலும் வாசல் வரும்படியில் பெரும்பங்கு ஆட்டத்தை நடத்தும் ஊர் அணிக்கே என்றானது. ஆட்டத்துக்கு ஆள் வந்தால் அணி பிழைக்கும் என்ற நிலை ஹிரோஷிமாவுக்கு அதன் பிறகுதான் ஏற்பட்டது.

ஊர் பிழைத்த விதமும் அணி பிழைத்த விதமும் ஒரே தெருக்களில் நடந்தவை. கணவனை இழந்த பெண்கள் வீட்டு முன்கட்டில் இரும்புத் தட்டு ஒன்றை வைத்து, கரைத்த கோதுமை மாவின் மேல் முட்டைக்கோசு குவித்து வார்க்கும் ஒகோனோமியாக்கி கடை போட்டார்கள். வேலை முடிந்து வரும் தொழிலாளி தட்டின் முன் உட்கார்ந்து சாப்பிடும் இடம் அது. நாளடைவில் ஆட்டத்தின் வானொலி வர்ணனை, பின்பு தொலைக்காட்சி, இந்தக் கடைகளின் நிலையான சத்தமானது. ஹிரோஷிமாவிலிருந்து ஹவாய்க்கும் கலிஃபோர்னியாவுக்கும் பிழைக்கப் போனவர்கள் ஏராளம். அந்தக் குடும்பங்களும் அணிக்குத் தோள் கொடுத்தன. ஹிரோஷிமாவில் பிறந்து கலிஃபோர்னியாவில் வாழ்ந்த செனிமுரா கெனிச்சி, போர்க்காலத்தில் அடைக்கப்பட்ட அரிசோனா முகாமிலேயே மைதானம் அமைத்தவர். அவருடைய பிள்ளைகள் இருவர் 1953-இல் கார்ப் அணிக்கு ஆட வந்தார்கள்.

அதுவரை அணி ஆடிவந்த பொது மைதானத்தில் விளக்கு கிடையாது. ஆட்டம் பகலில்தான், உழைப்பாளிக்கு அது பெரும்பாலும் எட்டாத ஒன்று. 1957 ஜூலையில் திறந்த நகராட்சி மைதானம் இதை மாற்றியது. கட்டுமானத்துக்கு உள்ளூர் நிறுவனங்கள் பத்து சேர்ந்து 16 கோடி யென் நன்கொடை தந்தன. இடம் நகரின் நட்டநடுவே, முன்பு ராணுவம் வைத்திருந்த நிலத்தில். டிராம் ஓடும் சாலையைத் தாண்டினால் குண்டில் சிதைந்து நின்ற குவிமாடக் கட்டிடம். ஆற்றங்கரையில் வீடிழந்தோர் அடைத்துக்கொண்டிருந்த குடிசை வரிசை. விளக்கொளியில் இரவு ஆட்டம் என்றானதும் ஆலைச் சங்கு ஊதிய பிறகு டிராம் பிடித்து நேரே மைதானத்துக்கு வரலாம், கடைசி இன்னிங்ஸ் முடிந்து வீடு திரும்பலாம். அமெரிக்க பேஸ்பால் பற்றி எழுதுவோர் கோடைப் பிற்பகலை நினைவுகூர்வார்கள். ஹிரோஷிமாவின் பேஸ்பால் வேலைநாள் இரவின் பொழுதுபோக்கு. ஆகஸ்ட் 6 மட்டும் விலக்கு. 1958-க்குப் பிறகு 2011 வரை, 53 ஆண்டுகளாக, அந்த நாளில் ஊரில் கார்ப் ஆட்டம் நடந்ததில்லை.

அன்றைய ரசிகர்களைச் சாதுக்கள் என்று சொல்ல முடியாது. குடித்துவிட்டுக் கத்துவது, புட்டி எறிவது, நடுவரோடு மல்லுக்கு நிற்பது எல்லாம் உண்டு. பிற்காலத்தில் எழுதப்பட்ட நெகிழ்ச்சியான வரலாறுகள் இதை மெல்லத் தாண்டிப் போய்விடுகின்றன.

தாண்டிப் போகும் இன்னொன்று டோயோ கோக்யோவின் பங்கு. இன்று மாஸ்டா என்று அறியப்படும் இந்தக் கம்பெனி குண்டுவெடிப்பில் பெரும் சேதமின்றித் தப்பியது. மாகாண அரசே ஏறக்குறைய ஓர் ஆண்டு அதன் கட்டிடத்தில் இயங்கியது. 1945 டிசம்பரிலேயே அதன் மூன்று சக்கர லாரி உற்பத்தி மீண்டும் தொடங்கியது. ஊரில் எத்தனையோ வீடுகளில் அப்பா அங்கேயோ அதற்கு உதிரிபாகம் செய்யும் பட்டறையிலோ வேலை பார்த்தார். கம்பெனியின் தலைவர் மட்சுதா சுனேஜி 1960-களில் அணியின் நிர்வாகத்தையும் ஏற்றார்; 1968-இல் அணியின் பெயரிலும் டோயோ சேர்ந்தது. இப்போது பங்குகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பகுதி மாஸ்டாவிடமும், அதைவிடப் பெரிய பகுதி மட்சுதா குடும்பத்தாரிடமும் இருக்கின்றன. ஆகவே ‘மக்கள் அணி’ என்ற பெயரைச் சொத்துரிமைக் கணக்காக எடுத்துக்கொண்டால் அது பொருந்தாது. ஆனால் மாஸ்டா ஆண்டுதோறும் பணம் கொட்டி நட்டத்தை அடைப்பதும் இல்லை. டிக்கெட், சாப்பாடு, சட்டை தொப்பி விற்பனை, ஒளிபரப்புக் கட்டணம் ஆகியவற்றால்தான் அணி ஓடுகிறது. அந்த அளவில் பெயர் உண்மை.

1974 வரை கார்ப் ஒருமுறைகூட லீக் வாகை சூடவில்லை. கடைசி மூன்றாண்டும் கடைசி இடம். ஊரும் கலங்கியிருந்தது. பெட்ரோல் நெருக்கடியில் அதிக எரிபொருள் குடிக்கும் ரோட்டரி எஞ்சின் கார்கள் விற்காமல் தேங்கின. ஆட்குறைப்புக்குப் பதிலாக டோயோ கோக்யோ ஆலைத் தொழிலாளர்களைக் குடும்பத்தை விட்டு டோக்கியோ, ஒசாகா பக்கத்துக் கடைகளுக்குக் கார் விற்க அனுப்பியது. 1975-இல் அணிக்கு மேலாளராக அமெரிக்கர் ஜோ லட்ஸ் வந்தார். கருநீலத் தொப்பியைச் சிவப்பாக்கியவர் அவர்தான். போதிய பணம் இல்லாததால் தொப்பியும் ஹெல்மெட்டும் மட்டுமே மாறின, சட்டை பழையதே. பெண்பிள்ளை நிறத்தைத் தலையில் வைப்பதா என்று ஆட்டக்காரர்களே கூசினார்கள். லட்ஸ் ஏப்ரல் மாதமே நடுவரோடு தகராறு செய்து விலகிப் போனார். கோபா தாக்கேஷி பொறுப்பேற்றார், தொப்பி நிலைத்தது. ஜூலையில் கோஷியன் மைதானத்தில் நடந்த நட்சத்திர ஆட்டத்தில் யமமோட்டோ கோஜியும் கினுகாசா சச்சியோவும் ஆளுக்கு இரண்டு ஹோம் ரன் அடித்தபின் சிவப்பு ஹெல்மெட் நாடெங்கும் பேச்சானது.

போட்டி இறுகியபோது பழைய குணமும் தலைகாட்டியது. செப்டம்பர் 10 அன்று சூனிச்சி அணியோடு நடந்த ஆட்டத்தின் முடிவில் கைகலப்பு மூண்டு ரசிகர்கள் களத்தில் இறங்கிவிட்டார்கள். மறுநாள் ஆட்டம் ஒத்திவைக்கப்பட்டது. அக்டோபர் 15 அன்று டோக்கியோவின் கொராக்குயென் மைதானத்தில் ஜயன்ட்ஸை 4-0 என வென்று கார்ப் முதல் வாகை சூடியது. கெய்ல் ஹாப்கின்ஸ் ஒன்பதாம் இன்னிங்ஸில் அடித்த மூன்று ரன் ஹோம் ரன் அதை உறுதி செய்தது. ஐந்து நாள் கழித்து அமைதிப் பெருஞ்சாலையில் ஊர்வலம். கூடியவர்கள் 3 லட்சம் பேர் என்று கணக்கு. இறந்துபோன பெற்றோரின், கணவரின் சட்டமிட்ட படங்களை மார்போடு அணைத்தபடி பலர் சாலையோரம் நின்றார்கள். ஆட்டக்காரர்கள் திறந்த கார்களில் வந்தபோது படத்தை அவர்கள் பக்கம் திருப்பிக் காட்டினார்கள். சந்தா கட்டியும் வெற்றியைப் பார்க்காமல் போனவர்கள் அந்தப் படங்களில் இருந்தவர்கள். அதன்பின் இரு லீக்குகளின் வாகையரும் மோதிய ஜப்பான் தொடரில் ஹான்க்யூவிடம் ஓர் ஆட்டம்கூட வெல்லாமல் கார்ப் தோற்றதை ஊர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தொடர்ந்தவை நல்ல காலங்கள். 1979, 1980, 1984 ஆகிய ஆண்டுகளில் ஜப்பான் வாகை. கறுப்பின அமெரிக்கப் படைவீரருக்கும் ஜப்பானியத் தாய்க்கும் பிறந்த கினுகாசா, 1970 முதல் 1987 வரை இடைவிடாமல் 2,215 ஆட்டங்கள் ஆடினார். எலும்பு முறிந்த மறுநாளும் களமிறங்கிய அவரை, விடுப்பு எடுக்காமல் உழைத்துப் பழகிய ஊர் தன் ஆளாகவே பார்த்தது. இன்று ஜப்பான் முழுதும் காணும் சில ரசிகர் வழக்கங்களும், டிரம்பெட் இசையோடு ஆட்டக்காரர் பெயர் சொல்லிப் பாடுவது உள்பட, கார்ப் ரசிகர்களிடம் தொடங்கியவை என்று சொல்லப்படுகிறது. மியாஜிமா தீவில் செய்யும் மரச் சோற்றகப்பைகளை ஒன்றோடொன்று தட்டி ஒலியெழுப்புவது ஹிரோஷிமாவுக்கே உரியது.

1993-இல் ஆட்டக்காரர்கள் பல ஆண்டுகள் ஆடியபின் விரும்பிய அணிக்குப் போகலாம் என்ற விதி வந்ததும் பணமில்லாத அணியின் பாடு திண்டாட்டமானது. வளர்த்து ஆளாக்கியவர்கள் ஒவ்வொருவராகப் பணக்கார அணிகளுக்குப் போனார்கள். 1991-க்குப் பிறகு வாகையே இல்லை. 1998 முதல் 2012 வரை 15 ஆண்டுகள் தொடர்ந்து கீழ்ப்பாதியிலேயே கிடந்தது. பழைய மைதானமும் ஓட்டை உடைசல். 2004-இல் ஊரின் தெருக்களில் பீப்பாய்கள் மறுபடி தோன்றின, இம்முறை புதிய மைதானத்துக்காக. 12 கோடி யென்னுக்கு மேல் சேர்ந்தது. 2009-இல் ரயில் நிலையத்துக்கு அருகில் திறந்த அந்த மைதானத்தில் குடும்பமாகச் சுற்றி உட்கார மேசைகளும் படுத்துக்கொண்டே பார்க்கும் மெத்தைகளும் உண்டு. புட்டி எறிந்த கூட்டத்தின் பேரப்பிள்ளைகள் கைக்குழந்தைகளோடு வரத் தொடங்கினார்கள். தூரத்து நகரங்களில் இளம்பெண் ரசிகர்கள் பெருகியது அடுத்த சில ஆண்டுகளில்.

அமெரிக்காவில் ஆடிக்கொண்டிருந்த பிட்சர் குரோடா ஹிரோக்கி, அங்கு கிடைக்கவிருந்த பெருந்தொகையை விட்டு 2015-இல் திரும்பினார். 2016 செப்டம்பர் 10 அன்று கார்ப் 25 ஆண்டுகளுக்குப் பிறகு லீக் வாகை சூடியது. ஹிரோஷிமா வட்டாரத்தில் அந்த ஒளிபரப்பைப் பார்த்த வீடுகள் 60 விழுக்காட்டுக்கும் மேல். 2017, 2018-இலும் அதே வெற்றி. விளைவாக டிக்கெட் கிடைப்பது அரிதானது. 2019 பிப்ரவரியில் டிக்கெட் வாங்கும் முறைக்கான குலுக்கல் சீட்டுக்காகவே மைதானத்தைச் சுற்றி ஏறக்குறைய 50,000 பேர் திரண்டு போக்குவரத்து நின்றுபோனது. அதன் பிறகு அந்த வழக்கம் கைவிடப்பட்டது. 1975 முதல் ஆண்டுதோறும் லாபம் காட்டிவந்த அணி, கொரோனாவால் இருக்கைகள் காலியாகக் கிடந்த 2020-இல்தான் மீண்டும் நட்டக் கணக்கு எழுதியது.