ஒரே பெயர், இரு கொள்ளளவு



அண்மையில் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, அப்பாவும் சித்தப்பாவும் சியாவ்மி 15 அல்ட்ரா திறன்பேசிதான் வைத்திருக்கிறார்கள். சித்தப்பா சீனாவில் வாங்கியதில் மின்கலம் 6000. அப்பா இங்கே வாங்கியதில் 5410. ஏன் ஐயா?" என்று வினவினான். "அச்சுப்பிழையாக இருக்கும்" என்று கூறி அமரச் செய்தேன். அன்றிரவு மனம் உறுத்தவே தேடிப் பார்த்தேன். பிழை அச்சில் இல்லை, என்னிடமே இருந்தது.

லித்தியம் அயனி மின்கலத்தை 1991இல் சோனி நிறுவனம் முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதற்கு அடித்தளமிட்ட குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. நெடுங்காலமாக அதன் எதிர்மின்வாயில் கரியே இருந்து வந்தது. கரியைவிட மிகுதியான லித்தியத்தைச் சிலிக்கன் ஏற்கும். ஆனால் ஏற்கும்போது வீங்கும். ஆகவே இரண்டையும் கலந்தனர். 2023இல் வெளிவந்த ஹானர் மேஜிக்5 புரோ சீனாவில் இப்புதிய மின்கலத்துடன் 5450 மில்லியம்பியர்-மணி கொண்டிருந்தது. பிற நாடுகளில் 5100 மட்டுமே.

ஏன் இந்த வேறுபாடு? ஒரு முக்கியக் காரணம் போக்குவரத்து விதி. ஒரு தனிக்கலத்தின் ஆற்றல் 20 வாட்-மணியைத் தாண்டினால், அதனை ஆபத்தான சரக்காகவே முழுமையாகக் கருதி அனுப்ப வேண்டும், செலவு கூடும். 3.7 வோல்ட்டில் அந்த எல்லை ஏறக்குறைய 5400 மில்லியம்பியர்-மணி ஆகும். மாணவன் சொன்ன 5410 நினைவுக்கு வருகிறதா?

இத்தகைய விதிகள் வீண் கெடுபிடிகள் அல்ல. 2010 செப்டம்பர் 3ஆம் நாள், பெருமளவில் லித்தியம் மின்கலங்களை ஏற்றிச் சென்ற சரக்கு விமானம் ஒன்று தீப்பற்றித் துபாயில் விழுந்தது. விமானிகள் இருவரும் மாண்டனர். 2016 ஏப்ரல் முதல், பயணிகள் விமானங்களில் லித்தியம் அயனி மின்கலங்களைத் தனிச் சரக்காக ஏற்றுவது தடை செய்யப்பட்டது.

வேறு காரணமும் உண்டு. 2025இல் வந்த ஐபோன் 17 புரோ, சிம் அட்டைக்கு இடமுள்ள நாடுகளில் 3988. அமெரிக்கா, ஜப்பான் போன்ற நாடுகளில் அந்த இடத்தையும் மின்கலத்திற்கே தந்து 4252.

மறுநாள் வகுப்பில், "நேற்று நான் சொன்னது தவறு, நீ கண்டதே சரி" என்றேன். அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். பிறகு அனைவரும் வாட்-மணியைப் பெருக்கிப் பார்த்தோம். அன்றைய கணிதப் பாடம் அதுவே ஆயிற்று.

பெற்றோர்களே, திறன்பேசி வாங்கும்போது வெளிநாட்டு விளம்பரத்தை நம்பிவிடாமல், நம் நாட்டுப் பெட்டியில் உள்ள எண்ணைப் பாருங்கள். ஆசிரிய நண்பர்களே, விடை தெரியாத வேளையில் "தேடிச் சொல்கிறேன்" என்போம். அச்சுப்பிழை என்று நான் சொன்னதுபோல் சொல்லிவிட வேண்டாம்.